ஏரிக்கரையில் என்னைத் தடுத்த நெல்

எங்கள் உத்திரமேரூர் பக்கம் அறுவடை இயந்திரம் வயலில் இறங்கினால் போதும், தூசியில் எனக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். போன அறுவடையிலும் அப்படித்தான். மெடிக்கல் கடையில் வழக்கம்போல், "தும்மலுக்கு மாத்திரை குடுண்ணா" என்றேன். கொடுத்ததை அங்கேயே விழுங்கி, காய்கறி வாங்கிக்கொண்டு, டியூஷன் முடிந்த மகளை ஸ்கூட்டியில் ஏற்றிக் கிளம்பினேன்.

ஏரிக்கரைச் சாலையில் இமை தானாக மூடியது. "எம்மா, இன்னா பண்றே!" என்று மகள் அலறியதும்தான் விழித்தேன். சாலையோரம் காயவைத்துக் குவித்திருந்த நெல்லில் வண்டி முட்டி நின்றிருந்தது. அதைத் தாண்டினால் ஏரிச்சரிவு. ரோட்டில் நெல் கொட்டுகிறார்களே என்று தினமும் திட்டுகிறவள் நான்!

நெல்லுக்குச் சொந்தக்கார அக்கா ஓடிவந்து, "நெல்லு கெடக்கட்டும், பொண்ணுக்கு இன்னா ஆச்சி?" என்றார். ஒரு கீறல்கூட இல்லை.

மறுநாள் கடைக்காரரிடம் போய் நின்றேன்.

"அது தூக்கம் வர்ற மாத்திரைமா. தூக்கம் கம்மியா வர்ற வேற மாத்திரையும் கீது. வண்டி ஓட்டுவேன்னு நீ சொல்லலியே?"

"நீயும் கேக்கலியேண்ணா!"

இப்போது வண்டி ஓட்டுவதையும், சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் சொல்லித்தான் வாங்குகிறேன். புது மாத்திரை என்றால் அன்று வண்டியைத் தொடுவதில்லை. இந்த அறுவடையில் தும்மல் நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆனாலும் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் மகள் கேட்கிறாள்: "எம்மா, முழிச்சிக்கினுதானே கீறே?"