ஃப்ரிட்ஜில் என் பாடு, உள்ளே யாஸ்மின் சிப்!

இன்று மதியம் லேபில் விசிலடித்துவிட்டேன்!

அதுவும் எதிர் டீமுக்காக!!

புதிதாக வந்தவர்களுக்கு: நான் நெட்டுக்குப்பம், மீன்பிடிக்கும் ஊர். குவாண்டம் கம்ப்யூட்டருக்கு சூப்பர்கண்டக்டரில் சிப் செய்யும் ஆராய்ச்சி மாணவி.

என் தோஸ்து யாஸ்மின் வண்ணாரப்பேட்டை. அதே வேலையை அவள் செமிகண்டக்டரில் செய்கிறாள்.

எது முதலில் ஜெயிக்கும் என்று தினமும் மெட்ரோவில் சண்டை. (எதிர் சீட் அக்கா எங்களைப் பார்த்ததும் ஹெட்போனை மாட்டிக்கொள்வார்.)

இரண்டு சிப்புமே பயங்கரக் குளிரில்தான் வேலை செய்யும். அந்தக் குளிருக்கான ஃப்ரிட்ஜ் லேபில் ஒன்றே ஒன்று. அவள் சிப்புக்குக் காந்தம் வேண்டும். என் சிப்புக்குக் காந்தமே ஆகாது. சேர்த்து வைக்க வழியில்லை.

எங்கள் ஊரில் ஆற்றில் வலை போட ஆளுக்கொரு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். உன் பாடு என்றால் வேறு யாரும் வலை போட முடியாது. அதை அப்படியே லேபுக்குக் கொண்டு வந்துவிட்டேன். இப்போது எங்கள் மலையாளி புரொபசரே "இந்த வாரம் யாரோட பாடு?" என்றுதான் கேட்கிறார்!

ரம்ஜான் பண்டிகைக்கு மறுநாள் யாஸ்மின் பளபளவென்று புது டிரெஸ்ஸில் வந்தாள். அவள் அத்தா (அப்பா) கடைத் துணி, நைலான் துப்பட்டா. எல்லோருக்கும் காட்டிச் சுற்றிய சந்தோஷத்தில், கையில் எர்த் பட்டை மாட்டாமல் சிப்பைத் தொட்டுவிட்டாள்.

நைலான் உரசி உடம்பில் ஏறியிருந்த கரண்ட், சுருக்கென்று ஒரு குட்டி ஷாக். அவளுக்கு ஒன்றுமில்லை. சிப் அவுட்!

கேன்டீனில் போய்ப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னாடி, இப்டி அய்துகினு கீற?"

"போச்சுடி. ரிவ்யூல காட்ட ஒரு ரீடிங்கும் இல்ல. பெல்லோஷிப்ப நிறுத்திட்டா, ஆராய்ச்சிய மூட்ட கட்டிட்டு கடையிலதான் குந்தணும்."

"ஸ்பேர் சிப் கீதுல்ல?"

"கீது. ஆனா அத்த ஒயரு கட்டி ரெடி பண்றதுக்குள்ள என் பாடு முடிஞ்சிடும். அட்த்த பாடு உன்துல்ல?"

அவ்வளவுதான் சொன்னாள். கொடு என்று கேட்கவே இல்லை. அதுதான் என்னைக் குடைந்தது.

பொய் சொல்ல மாட்டேன், கொடுக்க மனசே வரவில்லை. என் சிப்பும் ரெடியாக இருந்தது. அதில் ரீடிங் எடுத்தால்தான் என் பேப்பர் நகரும்.

ஆனால் வலை அறுந்தவனுக்குப் பாடு மாற்றிக் கொடுப்பதும் எங்கள் ஊர் வழக்கம்தானே?

"மாத்திக்கலாம்டி. நீ வலை அறுந்த கேஸு."

"அப்ப உன் பேப்பரு?"

"லேட்டாவும். அத்துக்கு இன்னா இப்போ? கண்ண தொட்ச்சிகினு சிப்ப எட்த்துனு வா. அந்த துப்பட்டாவ மட்டும் கயட்டி வச்சிட்டு வா!"

ஃப்ரிட்ஜ் குளிரும்வரை இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. (எனக்குக் கொஞ்சம் இறங்கியது. அன்று இறால்!)

இன்று திரையில் கோடு அழகாக அலை அலையாக ஏறி இறங்கியது. அவள் சிப்பிலிருக்கும் க்யூபிட், அதாவது குவாண்டம் பிட், சொன்னபடி கேட்கிறது! ரிவ்யூவில் காட்ட ரீடிங் கிடைத்துவிட்டது!

அப்போது அடித்ததுதான் அந்த விசில். புரொபசர் ரூமை விட்டு ஓடி வந்தார். யாஸ்மின் என்னைக் கட்டிப்பிடித்து மறுபடி ஒரு ரவுண்டு அழுதாள்.

அப்புறம் ஒரு கவரை நீட்டினாள். உள்ளே இரண்டு காட்டன் சுடிதார்.

"அம்மா குட்த்தாங்க. இனிமே ரெண்டு பேரும் லேபுக்கு இத்தான் போட்டுகினு போணுமாம்."

என் பாடு வர இன்னும் நாளாகும். லேசாக வயிறு எரியத்தான் செய்கிறது, மறைப்பானேன்!

கடைசியில் எது ஜெயிக்கும் என்று இன்பாக்ஸில் கேட்பவர்களுக்கு: சத்தியமாகத் தெரியாது.

இன்றைக்கு ஜெயித்தது செமிகண்டக்டர்.

விசிலடித்தது சூப்பர்கண்டக்டர்!