டாங்கில் ஊற்றிய தண்ணீர்

அப்பா தன் மோட்டார் சைக்கிளில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்பதை விளக்குமாற்றுக் குச்சியை விட்டு அளப்பார். வெள்ளைக்காரன் காலத்து வண்டி அது. விருதுநகரில் ஒரு மிளகாய் வியாபாரி ஓட்டிச் சலித்து விற்றதை வாங்கியிருந்தார். எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணையில் அப்போது பெட்ரோல் பங்க் கிடையாது. கடைத்தெரு முனையில் இருந்த மெக்கானிக்தான் சிவகாசியிலிருந்து கேனில் வாங்கி வந்து ஊற்றுவார். அதனால் தினமும் காலையில் ஜெபம் முடிந்ததும் டாங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டு எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று வெளிச்சத்தில் பார்ப்பது அப்பாவின் வழக்கம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அளக்காமல் அவரால் இருக்க முடியாது.

எனக்கு ஒன்பது வயது. என்னோடு படித்தவளின் அப்பா சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்த்தார். அவர் கொண்டுவந்த பட்டாசு லேபிள் ஒன்றை அவள் எனக்குக் கொடுத்தாள். பச்சைக்கிளி படம். அம்மா பார்த்துவிடக் கூடாது என்று கவுனுக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மை காயவில்லை. கோயிலுக்கும் போட்டுப் போகும் வெள்ளைக் கவுனின் நெஞ்சில் கிளி அப்படியே பதிந்திருந்தது. பெட்ரோல் போட்டுத் துடைத்தால் மை போய்விடும் என்று அவள்தான் சொன்னாள்.

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லை. டாங்க் மூடியைத் திறந்து, பழந்துணியை உள்ளே விட்டு நனைத்து, கிண்ணத்தில் பிழிந்தேன். பல முறை அப்படிச் செய்த பிறகுதான் கிளி மங்கியது. பிறகு குச்சியின் நினைவு வந்தது. விட்டுப் பார்த்தேன். ஈரம் கீழே இறங்கியிருந்தது. பாலில் தண்ணீர் கலப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு செம்பு தண்ணீரை மெதுவாக ஊற்றி மறுபடியும் அளந்தேன். கணக்குச் சரியாக இருந்தது.

மறுநாள் காலையில் பட்டாசுக் கம்பெனி வேன் டிரைவர் வாசலில் நிறுத்தி அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா அரசு பிரசவ விடுதியில் நர்ஸ். மேற்கே ஐந்து மைல் தள்ளி ஒரு சிற்றூரில், பட்டாசுக்கு மருந்து அடிக்கும் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு வலி எடுத்து வெகு நேரமாகிவிட்டதாம். சொல்லிவிட்டு அவர் லோடோடு சிவகாசிப் பக்கம் போய்விட்டார். அப்பா குச்சியை விட்டுப் பார்த்தார், திருப்தியாகத் தலையசைத்தார். அம்மா பின்னால் உட்கார்ந்தாள். என்னைத் தனியே விட முடியாமல் முன்னால் டாங்க் மேலேயே ஏற்றிவைத்தார்கள்.

இரண்டு மைல் வரை வண்டி நன்றாகத்தான் ஓடியது. பிறகு இருமியது, திணறியது, நின்றுவிட்டது.

அப்பா பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து, இஞ்சினோடு சாய்த்து வைத்துக் கிக்கரை மிதித்தார். நீலப் பொறி பறந்தது. பொறி வருகிறது, அப்படியானால் பெட்ரோல்தான் வரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கார்புரேட்டரின் அடித் திருகைக் கழற்றினார். உள்ளே இருந்தது கரிசல் மண்ணில் கொட்டியது. மண் அதை உடனே குடித்துவிட்டதால் அது என்னவென்று அவர் பார்க்கவில்லை. பெட்ரோல் வரும் சின்னத் துளையுள்ள ஜெட்டைச் சூரியனுக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார், வாயை வைத்து ஊதினார். மாட்டி மிதித்தால் வண்டி நாலு தடவை படபடத்துவிட்டு மறுபடியும் அணைந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள அவர் மிதித்துக்கொண்டே இருந்தார்.

நான் ரோட்டோரம் நின்றேன். சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை.

அம்மா பையை எடுத்துக்கொண்டாள். “நீங்க இதப் பாருங்க, நான் நடக்கேன்,” என்றாள். மூன்று மைல் வெயிலில், பருத்திக் காட்டு வழியே, ஓட்டமும் நடையுமாகப் போனாள். அவளுடைய வெள்ளைச் சேலை மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு நேரே மெக்கானிக் கடைக்கு வந்தார். இரண்டு நாளைக்கு முன்புதான் அங்கே கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்துப் பெட்ரோலும் ஊற்றியிருந்தார்கள். மெக்கானிக், டாங்கில் இருந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துத் தூக்கிக் காட்டினார். அடியில் தண்ணீர் தனியாக, தெளிவாக நின்றது. கலக்கவே இல்லை.

தண்ணீர் கலந்து விற்கிறாயா என்று அப்பா கேட்டார். அவரை எப்போதும் ‘தம்பி, நீங்க’ என்றுதான் அப்பா பேசுவார். அன்று ‘நீ’ என்றார். அங்கே ஒரு உயிர் கிடந்து தவிக்கிறது என்றபோது அப்பாவின் குரல் உடைந்தது. பக்கத்து டீக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள்.

மெக்கானிக் நிதானமாகச் சொன்னார். “என் கேன்ல கிடந்துருந்தா அன்னைக்கே நின்னுருக்கும் சார். வீட்டுல டாங்க் மூடியத் தொறக்கது யாரு?”

தன்னைத் தவிர யாருமில்லை என்றார் அப்பா. மெக்கானிக்கின் பார்வை என்மேல் வந்து நின்றது. குனிந்து, கோபமே இல்லாமல் கேட்டார். “பாப்பா, நீ எதுவும் ஊத்துனியாம்மா?”

இல்லையென்று தலையாட்டினேன்.

“எம்பிள்ள பொய் சொல்லாது,” என்றார் அப்பா.

மெக்கானிக் பாட்டிலைக் கீழே வைத்தார். “சரி சார். எங்க கேன்லதான் இருந்துருக்கும்.”

அம்மா போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்திருந்தது, தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. சாயங்காலம் திரும்பிய கம்பெனி வேனில் அந்தப் பெண்ணைச் சிவகாசிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மாதம் படுக்கையில் கிடந்து பிழைத்தாள். பிழைத்துவிட்டாள் என்பதை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போதும் அது போதவில்லை.

அப்பா பள்ளிக்கூடத்தில் சொன்னது ஊர் முழுக்கப் பரவியது. அந்தக் கடைக்கு வண்டிகள் வருவது குறைந்தது. அடுத்த பட்டாசு சீசனுக்குள் மெக்கானிக் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போனார். அப்பாவிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.

ஆனால் அன்று, எங்க கேன்தான் என்று மெக்கானிக் சொன்னதைக் கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி. அவரே ஒத்துக்கொண்டாரே, அவர் கேனிலும் கொஞ்சம் தண்ணீர் இருந்திருக்கும்போல என்றுகூட நம்பிப் பார்த்தேன். கடை மூடும் வரை நான் அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போய்வந்தேன். பார்க்கும்போதெல்லாம் அவர் முன்போலவே, “சாப்பிட்டியா பாப்பா?” என்று கேட்பார். தெரிந்திருந்தால் என்னிடம் இப்படிப் பேசுவாரா, இவருக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்துக்கொண்டு நானும் சிரித்துவிட்டுப் போவேன்.