நிண்டு பிடிக்கிற தூரக்கண்ணாடி

என் கணவர் போய் ஒரு மாரி முடிந்து அடுத்த மாரியும் தொடங்கிவிட்டது. அலுமாரியில் அவருடைய சேட்டுகள் அப்படியே கிடக்கின்றன. ஆருக்காவது எடுத்துக் கொடுங்கோவன் என்று புத்தி சொல்ல வருகிறவர்களோடு நான் சண்டைதான் பிடிக்கிறேன். அதை விடுங்கள். நான் எழுத உட்கார்ந்தது தூரக்கண்ணாடி வாங்கப் போன நாளைப் பற்றி.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பென்சன் எடுத்த பிறகும் கப்பல் பைத்தியம் போகவில்லை. எங்கள் மேல்மாடி யன்னலால் பார்த்தால் இரண்டு கூரைகளுக்கு நடுவில் துறைமுகத்தின் ஒரு துண்டு தெரியும். வருத்தம் வந்து மெலிந்த பிறகு அந்த யன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க அங்கேதான். கோதுமைக் கப்பலா, சீமெந்துக் கப்பலா என்று என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்லுவார். அடுப்பில் கறி கருகுது, உங்கட கப்பலும் நீங்களும் என்று நான் ஏசுவேன். எனக்கு எல்லாக் கப்பலும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

எங்களுடைய வருத்தம் என்ற சொல்லே ஒரு பொல்லாத சொல். காய்ச்சலுக்கும் அதுதான், கவலைக்கும் அதுதான். ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர் என்னை மட்டும் விறாந்தைக்குக் கூப்பிட்டு, அவருக்கு வந்திருப்பது கூடாத வருத்தம் என்றார். வயிற்றில் தொடங்கி ஈரலுக்கும் பரவிவிட்டதாம், வெட்டி எடுக்க ஏலாதாம். அந்த விறாந்தையிலேயே என் தம்பி, அத்தானுக்குச் சொல்லிப் போடாதை அக்கா, அந்தாள் மனம் விட்டிடும் என்றான். வெளிநாட்டில் இருக்கும் மகளும் போனில் அழுதழுது அதையே சொன்னாள். எங்கள் ஆட்களிடம் இது வழக்கம். நோயாளியைத் தவிர ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும். அவரிடம் அல்சர் என்று சொன்னோம். உறைப்பைக் குறைத்தால் சுகம் வரும் என்று சொன்னோம். அவரும் தலையை ஆட்டினார்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காலமை, கஞ்சிக் கோப்பையை அரைவாசியில் வைத்துவிட்டு, "இஞ்சரும், கப்பல் பாக்க எனக்கொரு தூரக்கண்ணாடி வேணும், ரெண்டு கண்ணிலையும் வைச்சுப் பாக்கிறது" என்றார்.

எனக்குச் சரியான கோபம் வந்தது. நாலு கரண்டி கஞ்சி வயிற்றில் தங்காத மனுசனுக்குத் தூரக்கண்ணாடி! கோபம் என்றா சொன்னேன், பயம். கடற்கரையில் வெள்ளைக்காரருக்கு விற்கிற பிளாஸ்ரிக் சாமான் ஒன்று வாங்கிக் கொடுத்தால் அவருக்கு இருக்கிற காலத்துக்கு அது காணும், போதும். ஆனால் அதை எப்படி வாங்குவது? இந்த மனுசன் கதிரை வாங்கப் போனால் அதைத் தலைகீழாகப் பிரட்டிக் காலை ஆட்டிப் பார்க்கிறவர். மலிந்த சாமானைக் கண்டால் முகம் கோணும். சும்மா ஒண்டு காணும் என்று என் வாயால் வந்தால் அந்த நிமிஷமே அவருக்கு விளங்கிவிடும். அல்சர்காரனுக்கு ஏன் நாலு நாள் மட்டும் தாங்கிற சாமான் என்று யோசிப்பார்.

ஆகவே நான் பெரிய குரலில், "வாங்கிறதெண்டால் நல்லதா வாங்குவம். கனகாலம் பாவிக்க வேண்டாமோ?" என்றேன். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன்.

ஓட்டோ பிடித்து, உள்துறைமுகப் பக்கத்தில் மீன்பிடிச் சாமான் விற்கிற கடைக்குப் போனோம். கடைக்காரர் கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் மனுசர். நல்ல கதைகாரர். அவர் இவரை அண்ணன் என்பார், இவர் அவரை முஸ்லிம் ஆட்களின் வழக்கப்படி நானா என்பார். கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு, "இருங்க அண்ணன், ஆறுதலாப் பாத்து எடுங்க" என்று மூன்று நான்கு தூரக்கண்ணாடிகளை மேசையில் பரப்பினார்.

என் மனுசனுக்கு எங்கிருந்து அந்தத் தெம்பு வந்ததோ தெரியாது. ஒன்றைக் காதடியில் வைத்துக் குலுக்கினார், உள்ளே ஏதோ கிலுகிலுத்தது. "வேண்டாம் நானா." அடுத்ததால் வாசலில் நின்ற லைற் கம்பத்தைப் பார்த்தார். "கம்பம் வளையுது." இன்னொன்றைப் பார்த்து, உப்புக்காத்து உள்ளுக்குப் போகாமல் அடைச்சிருக்கோ, உள்பக்கம் பனிப்புகார் படியுமோ என்று கேள்விமேல் கேள்வி. கடைக்காரர் சிரித்துக்கொண்டு, "அண்ணன் பொம்பிளை பாக்கிற மாதிரியெல்லோ பாக்கிறீங்க" என்றார். "பொம்பிளை பாக்கேக்கை இவ்வளவு கவனமாப் பாக்கேல்லை நானா, அதுதான் இந்தப் பாடு" என்று என்னைக் காட்டினார் இவர். நானும் சிரித்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த மனுசனின் பகிடி.

மூன்றாவதை எடுத்து வாசலுக்கு வந்தவர், "அந்தா, மூதூருக்கு ஆக்களை ஏத்திற லோஞ்சு. மேலை நிக்கிற பெடியன்ர தொப்பி கூடத் தெரியுது" என்றார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. எடுத்தாச்சு, வீட்டுக்குப் போவோம் என்று நான் கைப்பையைத் தூக்கினேன்.

"பொறும். நீரும் பாரும்."

"எனக்கென்னத்துக்கு? நீங்கள்தானே பாக்கப் போறீங்கள்."

"பாருமன்."

என் மூக்குக்கண்ணாடியோடு அதை வைத்துப் பார்த்தேன். நடுவில் சின்ன வட்டம், சுற்றிவரக் கறுப்பு. ஒண்டும் தெரியேல்லை என்றேன். உடனே அவர் அதைத் திருப்பி மேசையில் வைத்துவிட்டார். அவருடைய கண்ணுக்குத் தொப்பி தெரிந்த சாமானை! "நானா, மூக்குக்கண்ணாடி போடுற ஆள் பாக்கக்கூடியது இருக்கோ? பாரமும் இல்லாமல் இருக்க வேணும்."

அவருக்குத் தூரம் பார்க்க மூக்குக்கண்ணாடியே வேண்டாம். கழுகுக் கண். எனக்கு எரிச்சல் வந்தது. மாத்திரை எடுக்கிற நேரம் தவறுகிறது, இந்த மனுசன் வேண்டாத வேலை பார்க்கிறார் என்று முணுமுணுத்தேன். கடைக்காரர் அலுமாரிக்குள்ளிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்தார். என் மனுசன் அதை வாங்கி, கண் வைக்கிற இடத்து இறப்பரைத் திருகி உள்ளே இறக்கினார். என் கையில் தந்தார். மணிக்கட்டு நோகுதோ என்று கேட்டார். இடக்கண்ணால் ஒருக்கால் பாரும், இப்ப வலக்கண்ணால் பாரும் என்று, நான் ஓம் ஓம் என்று சொல்லச் சொல்ல, வலப்பக்கத்து வளையத்தை மெல்ல மெல்லத் திருப்பினார். புகைபோல இருந்தது திடீரென்று கூராகிவிட்டது. லோஞ்சு, அதன் பக்கத்தில் பூசிய நீலம், கயிறு சுற்றுகிற கை.

"தெரியுது" என்றேன். "இந்தாங்கோ, இனி உங்கட கண்ணுக்குத் திருப்பிப் பாருங்கோ."

"வேண்டாம். மாத்தாதேயும். அது உம்மட கண்ணுக்கு வைச்சது."

கடைக்காரர் பெட்டியைத் தேடிக்கொண்டே, "இது கனகாலம் நிண்டு பிடிக்கும் அண்ணன். பயப்பிடாமக் கொண்டு போங்க" என்றார்.

"இவவுக்கு நிண்டு பிடிச்சால் காணும்" என்றார் என் மனுசன். சாதாரணமாகத்தான் சொன்னார்.

முகத்தைக் காட்ட முடியாமல் தூரக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே நின்றேன். கண்ணீரில் கடலும் இல்லை, லோஞ்சும் இல்லை. என்ன தெரியுது என்று பக்கத்தில் நின்று கேட்டார். எல்லாம் வடிவாத் தெரியுது என்று சொன்னேன்.

திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். "எப்ப தொடக்கம் தெரியும் உங்களுக்கு?"

"டொக்டர் உம்மை மட்டும் வெளியாலை கூப்பிட்ட அண்டைக்கு. அல்சருக்கு ஆரும் மனிசியைத் தனியாக் கூப்பிட்டுக் கதைப்பினமோ?"

"பிறகேன் என்னை விசரி மாதிரி நடிக்க விட்டனீங்கள்?"

"நீர் நடிச்சால்தானே உமக்கும் காலமை எழும்பிக் கஞ்சி காய்ச்ச மனம் வரும். ஆனால் ஒண்டு சொல்லுறன், குசினிக்கை பைப்பைத் திறந்து விட்டிட்டு அழாதேயும். தண்ணிச் சத்தத்துக்கு மேலாலை எனக்குக் கேக்கும்."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவருடைய தோளில் ஒரு அடி வைத்தேன், எலும்புதான் கையில் பட்டது. வாய் திறந்தால் ஏச்சு மட்டுமே வருகிற எனக்கு, இவ்வளவு காலமும் அந்த மனுசனிடம் சொல்லாதது எல்லாம் அந்த ஓட்டோவுக்குள் ஒரேயடியாக வந்தது. "எனக்குக் கப்பலும் வேண்டாம், இந்தக் கோதாரிக் கண்ணாடியும் வேண்டாம். எனக்கு நீங்கள்தான் வேணும். நீங்கள் இருக்க வேணும்."

ஓட்டோக்காரர் பாட்டுச் சத்தத்தைக் குறைத்தார். இவர் என் மடியில் இருந்த பெட்டிக்கு மேலே, என் கைக்கு மேலே, தன் கையை வைத்தார்.

"நானும் இருக்கத்தானப்பா பாக்கிறன்" என்றார். "ஏலாமக் கிடக்கு."