விரதம் என்று பெயர் வைத்த பட்டினி

1962-ஆம் வருஷம், ஆடி மாதச் சாரல் நேரம். குற்றாலம் பெரிய அருவியில், பெண்கள் குளிக்கும் பக்கத்தில்தான் அது நடந்தது. எனக்கு அப்போது பதினாறு வயது. அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே தவறிவிட்டார். தென்காசியிலிருந்து வில்வண்டி கட்டிக்கொண்டு அம்மா, அண்ணன், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத மதினி, நான் ஆகிய நாலு பேரும் குளிக்கப் போயிருந்தோம்.

தண்ணீர் அன்றைக்கு நல்ல கனமாக விழுந்தது. தலையைக் கொடுத்ததுதான் தெரியும், கால் தரையில் இல்லை. பாறையில் சறுக்கிப் போன என்னை மதினி சடையைப் பிடித்து இழுத்தாள். ஒரு கொத்து முடி அவள் கையோடு வந்துவிட்டது. இன்னொரு கையால் இடுப்பைச் சுற்றிப் பிடித்து என்னை வெளியே கொண்டுவந்து சேர்த்தாள். ஈரத் தாவணிக்குள் என் விலா எலும்பெல்லாம் அவள் கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. கையிலிருந்த முடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நான் பிறவியிலேயே ஒல்லி இல்லை. கொழுகொழுவென்றுதான் இருப்பேன். அண்ணன் கல்யாணப் பந்தியில் ரெண்டாவது தடவை பாயசம் கேட்டேன். எதிர் வரிசையில் இருந்த ஒரு சித்தி, "ஏட்டி, கொஞ்சம் கையை அடக்கு. ஒன்னைய மணையில தூக்கி வைக்கணும்னா தேர் வடம் பிடிக்குத ஆளுவல்லா வேணும்" என்றாள். பந்தியே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்தப் பாயசம் தொண்டைக்குள் இறங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை விரதம் என்றேன். பிறகு செவ்வாயும் சேர்ந்தது. சஷ்டி, கிருத்திகை, ஏகாதசி என்று பஞ்சாங்கத்தில் எது கிடைத்தாலும் விடவில்லை. அம்மாவுக்கோ பெருமை பிடிபடவில்லை. "இந்த வயசுல இப்படி ஒரு பக்தி யாருக்கு வரும்?" என்று கோயிலில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லுவாள். தெருவில் விளக்குப் பூஜை என்றால் முதல் விளக்கை ஏற்ற என்னைத்தான் கூப்பிடுவார்கள். பட்டினி கிடக்கிற பிள்ளையைக் கையெடுத்துக் கும்பிட்ட தெரு எங்கள் தெரு.

உண்மையில் அதில் பக்தி ஒரு பொட்டுகூட இல்லை. பசியை அடக்கும்போது பெரிய சண்டையில் ஜெயித்த மாதிரி ஒரு மிதப்பு இருக்கும். அதுதான் வேண்டியிருந்தது. அடுக்களைக்குள் போய் எல்லோருக்கும் விதவிதமாகச் சமைத்துப் போடுவேன், பக்கத்தில் நின்று சாப்பிட வைத்துப் பார்ப்பேன். நான் மட்டும் தொடமாட்டேன். கண்ணாடியில் பார்த்தால் அந்தப் பந்தியில் இருந்த பழைய குண்டுப் பெண்தான் தெரிவாள். கொஞ்ச நாள் போனபின் நானே சாப்பிடலாம் என்று நினைத்தாலும் கை வாய்க்கு வராமல் பாதியில் நின்றுவிடும். பயம். சோற்றைப் பார்த்து ஒரு பெண் பயப்படுவாள் என்று யாரிடம் போய்ச் சொல்ல?

அதற்குள் மாதவிலக்கும் நின்றுபோனது. எங்கள் வீட்டில் அந்த நாட்களில் பெண்கள் யாரையும் தொடாமல் பின்கட்டில் தனியாக உட்கார வேண்டும். சோறும் அங்கேதான் வரும். கல்யாணமாகாத பெண் ஒரு மாதம் அப்படி உட்காரவில்லை என்றால் வீடு என்ன நினைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் நாள் வந்ததும் நானாகப் போய்ப் பின்கட்டில் உட்கார்ந்துகொள்வேன். அதில் இன்னொரு வசதியும் இருந்தது. இலையில் வைத்துவிட்டு எல்லோரும் போய்விடுவார்கள். நான் தின்னுகிறேனா என்று பார்க்க ஆள் கிடையாது. பின்கட்டை ஒட்டித்தான் தொழுவம். எங்கள் செவலைப் பசு அந்த வருஷம் நன்றாகக் கொழுத்தது.

அருவியில் விழுந்த அன்று மதினி என்னைத் துணி மாற்றும் மறைவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் செங்கோட்டைக்காரி. என்னைவிட நாலு வயதுதான் மூத்தவள். தண்ணீரை 'வெள்ளம்' என்பாள், வீட்டில் எல்லோரும் கேலி பண்ணுவோம். அதுவரை வாய் திறந்து ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினவள் இல்லை.

"ஏட்டி, போன மாசம் தூரம்னு பின்கட்டுல இருந்தியே, கொடியில ஒரு துணிகூடக் காயலையே. நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். உண்மையச் சொல்லு" என்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. "மதினி, சத்தியமா நான் ஒரு தப்பும் பண்ணல" என்று அழுதேன்.

"அது எனக்குத் தெரியும். நான் அதைக் கேக்கல. நீ சாப்பிடுதியா?"

விரதமா என்று கேட்டவர்கள் உண்டு. என்ன விரதம் என்று கேட்டவர்கள் உண்டு. சாப்பிடுகிறாயா என்று அந்த வீட்டில் என்னிடம் யாரும் கேட்டதில்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசாமல், மறுநாளே அண்ணனைக் கட்டாயப்படுத்தி என்னை ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த டாக்டரம்மா வெளியூர்க்காரர். நாடியைப் பிடித்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். "கர்ப்பமும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை. சாப்பாடு இல்லாமல் உடம்பு ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வருகிறது. இதயமே சோர்ந்துவிட்டது. இப்படியே விட்டால் நீங்கள் இவளுக்குக் கல்யாணம் பண்ணமாட்டீர்கள், காரியம்தான் பண்ணுவீர்கள்" என்றார். அண்ணன் அங்கேயே அழுதுவிட்டான். மதினி அழவில்லை. இவளுக்கு முதலில் என்ன கொடுக்க வேண்டும், எப்படிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாக, நேரம் தவறாமல் கொடுங்கள், திட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ரகளை. அம்மாவால் அதை நம்பவே முடியவில்லை.

"சாமிக்குன்னு ஆரம்பிச்சத பாதியில விட்டா குத்தமாயிரும்டி. நேத்து வந்தவ நீ, ஒனக்கு என்ன தெரியும்?"

"குத்தம்னா என் தலையில வரட்டும் அத்தை. பிள்ளை இருந்தாத்தான விரதம்? இனிமே இவளுக்கு ஒரு விரதமும் கிடையாது. இவ உடம்பப் பத்தி இந்த வீட்டுல ஒருத்தரும் ஒரு பேச்சு பேசக்கூடாது. குண்டுன்னும் சொல்லக்கூடாது, ஒல்லின்னும் சொல்லக்கூடாது."

மதினி இதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் நகர்ந்தாள். அன்றிலிருந்து வெகு நாள் அம்மா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் நான் திருந்திவிட்டேன் என்று நினைத்தால் அது தப்பு. மதினி கஞ்சியை வைத்துக்கொண்டு எதிரில் உட்காருவாள். சாப்பிடு என்று சொல்லவே மாட்டாள். தன் கஞ்சியைக் குடித்துக்கொண்டே, கொல்லத்து ரயில் குகைக்குள் போகும்போது பிள்ளைகள் போடுகிற கூச்சலைப் பற்றிக் கதை சொல்லுவாள். ஒரு வாய் விழுங்க எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும். ஒருநாள், "என்னத்துக்கு என் உயிரை வாங்குத? ஒன் சோலியப் பாரு" என்று கத்தி டம்ளரைத் தட்டிவிட்டேன். கஞ்சியெல்லாம் அவள் புடவையில். துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். போய்விட்டாள் என்று நினைத்தேன். இன்னொரு டம்ளரோடு வந்து உட்கார்ந்தாள்.

"நீ எம்புட்டு வீம்புக்காரியோ அதுக்கு மேல நான். பாப்போம்" என்றாள்.

அவள் வீம்பு போதாது, என் வீம்பும் வேண்டும் என்று எனக்கு உறைத்தது பள்ளிக்கூடத்தில். மாடிப்படி ஏற முடியாமல் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். வகுப்பில் படித்தது எதுவும் மண்டையில் நிற்கவில்லை. எனக்கு டீச்சராக வேண்டும் என்று ஆசை. இந்த லட்சணத்தில் பரீட்சைகூட எழுத மாட்டேன் என்று தெரிந்துபோயிற்று. பசியை ஜெயிக்க முடிந்த எனக்கு இந்தப் பயத்தை ஜெயிக்க முடியாதா என்று ஆத்திரம் வந்தது. அன்றிலிருந்து மருந்து குடிக்கிற மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டாவது சாப்பிட்டேன். சில நாள் தோற்றேன். மறுநாள் மறுபடி உட்கார்ந்தேன். ஒவ்வொரு வாய்க்கும் சண்டைதான்.

தை பிறந்து கொஞ்ச நாளில் மாதவிலக்கு உண்மையாகவே வந்தது. வழக்கப்படி அம்மா பின்கட்டில் இலையைப் போட்டு, சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தனியாக உட்கார்ந்ததும் பழைய பயம் அப்படியே வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. தொழுவத்தைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. இலையை மடிக்கக் கையைக் கொண்டுபோனேன்.

அப்போது மதினி தன் இலையையும் சோற்றையும் எடுத்துக்கொண்டு வந்து, என் முழங்கால் இடிக்கிற மாதிரி எதிரில் உட்கார்ந்தாள்.

அம்மா ஓடி வந்தாள். "அடிப்பாவி, தீட்டுடி! எந்திரி!"

"நானும் குளிச்சுக்கிடுதேன் அத்தை. இவள இங்கன தனியா சாப்பிட விடமாட்டேன்."

அம்மா நிலைப்படியில் அப்படியே நின்றாள். என் இலையைப் பார்த்தாள், மடிக்கப் போன என் கையைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்தது அந்த நிமிஷம்தான் என்று நினைக்கிறேன். உள்ளே போனவள் நெய்க் கிண்ணியோடு வந்தாள். என்னைத் தொடாமல், உயரத்திலிருந்து முதலில் மதினி இலையில் விட்டாள், அப்புறம் என் இலையில் விட்டாள். நெய் தரையெல்லாம் சிந்தியது. "சாப்பிடுட்டி, என் தாயி" என்றாள். எனக்கு அந்த நாளில் நெய்யைக் கண்டால்தான் எல்லாவற்றையும்விடப் பயம். பிசைந்து, கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டேன்.

டீச்சர் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். வகுப்பில் கன்னம் ஒட்டி, சாப்பாட்டு மணி அடித்தால் ஒதுங்கிப் போகிற பெண்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். யாரையும் சாப்பிடு என்று அதட்டியதில்லை, என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். என்னைக் கும்பிட ஊரே இருந்தது, ஆனால் என்னோடு வந்து உட்கார்ந்து சாப்பிட ஒருத்தி இருந்ததால்தான் இதை எழுத இன்றைக்கு நான் உயிரோடு இருக்கிறேன்.