சிவப்புப் பாவாடை என்று சொன்னேன்

போன வருஷம், ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் பதுளை பஸ் ஸ்டேண்டில் நடந்தது இது. பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள் நான். பண்டாரவளையில் நாத்தனாருக்குக் கல்யாணம். வீட்டுக்காரர் இரண்டு நாள் முன்னாடியே போய்விட்டார். நானும் நாலு வயது மகளும் பின்னால் கிளம்பினோம்.

பதுளையில் பஸ் மாறணும். மகளைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, பண்டாரவளை பஸ் எது என்று ஒருவரிடம் விசாரித்தேன். அவ்வளவுதான். திரும்பினால் பிள்ளை இல்லை.

பேரைச் சொல்லிக் கத்தினேன். இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் ஓடினேன், குனிந்து டயருக்கு அடியில்கூடப் பார்த்தேன். யாரோ என்னை, பஸ் நேரம் குறிக்கிற டைம் கீப்பர் அறைக்கு இழுத்துப் போனார்கள்.

"பிள்ளை என்ன உடுப்பு போட்டிருக்கு?"

"செவப்பு பட்டுப் பாவாடைங்க" என்றேன். ஒரு நொடி யோசிக்கவில்லை. கண் முன்னால் அப்படித்தான் நின்றாள்.

மைக்கில் தமிழிலும் சிங்களத்திலும் சொன்னார்கள். கண்டக்டர்கள் பஸ் பஸ்ஸாக ஏறிப் பார்த்தார்கள். எங்கே சிவப்பாக ஏதாவது தெரிந்தாலும் ஓடினேன். ஒன்று குடை, ஒன்று யாரோ வாங்கிப்போன பிளாஸ்டிக் வாளி.

கடலை விற்கிற ஒரு சிங்களப் பெண் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நங்கி, காலையில என்ன சமைச்ச?" தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டுத் தமிழில் கேட்டார்.

எனக்கு எரிச்சல் வந்தது. "புள்ளைய காணோம், சமையல கேக்குறீங்களே!" என்று கையை உதறினேன். அவர் விடவில்லை.

"நீ டைம் கீப்பர்கிட்ட பாவாடைக்கு மஞ்சக் கரைன்னு சொன்ன. இந்தக் கண்டக்டர்கிட்ட பச்சைக் கரைன்னு சொன்ன. காலையில இருந்து ஒவ்வொண்ணா சொல்லு."

மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். ரொட்டி சுட்டேன். பாதி தின்றாள். தலை சீவினேன். புதுப் பாவாடையை எடுத்தேன். போன தடவை பஸ்ஸில் வாந்தி எடுத்தாளே, பட்டு வீணாகிவிடும் என்று...

பாவாடையை மடித்துப் பையில் வைத்தவளே நான்தான். தோளில் தொங்கிய பையைத் திறந்தேன். மேலாகவே இருந்தது. மகள் போட்டிருந்தது பழைய நீல ஸ்வெட்டர்.

எனக்கு முன்னால் அந்த அக்காதான் டைம் கீப்பரிடம் ஓடினார். மைக்கில் மாற்றிச் சொன்னதும், மகியங்கனைக்குக் கிளம்பி வாசல்வரை போய்விட்ட பஸ் நின்றது. கண்டக்டர் குதித்து ஓடி வந்தார்.

"நீல ஸ்வெட்டரா? பின் சீட்டுல ஒரு அம்மா பக்கத்துல தூங்குது. அவங்க புள்ளைன்னு நெனச்சேன். செவப்புன்னு சொன்னதால ரெண்டு தடவ பார்த்தும் விட்டுட்டேன்."

நான் விசாரித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற அந்த பஸ்ஸை எங்கள் பஸ் என்று நினைத்து ஏறியிருக்கிறாள். நாங்கள் போகவேண்டிய பக்கம் வேறு, அந்த பஸ் போகிற பக்கம் வேறு. இன்னும் இரண்டு நிமிஷம் போயிருந்தால்... அதற்கு மேல் இன்றைக்கும் என்னால் நினைக்க முடியவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு அந்த அக்காவின் தோளில் சாய்ந்து அழுதேன். கல்யாண வீட்டில் சாப்பிடும்போதுகூட மகள் கையை நான் விடவில்லை.

"நீயே உடுத்திவிட்டது ஒனக்கே மறந்திருச்சா?" என்று வீட்டுக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டார். மறக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. மூன்று வாரமாக மலையில் கொழுந்து பறிக்கும்போதெல்லாம், அந்தப் பாவாடையோடு அவள் கல்யாண வீட்டுக்குள் நுழைவதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பயம் வந்ததும் மனசு காலையில் நடந்ததை விட்டுவிட்டு, நான் ஆசைப்பட்டதை எடுத்து நீட்டிவிட்டது.

இப்போதெல்லாம் பதற்றத்தில் ஒருவர் அடித்துச் சொல்வதை நான் உடனே நம்பிவிடுவதில்லை, பொய் சொல்கிறார் என்று கோபப்படுவதும் இல்லை. அப்படிச் சொல்கிறவள் நானாகவே இருந்தாலும், மூச்சை இழுத்துவிட்டு முதலில் இருந்து ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்.