கையை நீட்டு என்று சொன்னது நான்தான்

எங்கள் பக்கத்தில் பேனர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. காதுகுத்துக்குப் பேனர், மஞ்சள் நீராட்டுக்குப் பேனர், செத்தவரின் காரியத்துக்குப் பேனர். ஓரத்தில் மாமன் மச்சான் எல்லாரும் வரிசையாக வட்டத்துக்குள் நின்று முறைத்துக்கொண்டிருப்பார்கள். குழந்தைத் தொழிலாளர் முறையை ஒழிக்கக் கிளம்பிய நாங்கள் ஐந்து பேரும் அப்படித்தான் ஒரு பேனர் அடித்தோம். இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் போனதில்லை.

அப்போது நான் சிதம்பரத்தில் சமூகப் பணி படித்துக்கொண்டிருந்தேன். வீடு கடலூரில். குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிராக இளைஞர்கள் தாங்களே நடத்தும் திட்டங்களுக்கு ஒரு தொண்டு நிறுவனம் சின்னத் தொகை தருகிறது என்று வகுப்பில் சொன்னார்கள். பெரிய பணமில்லை. ஆனால் ஒருவர் நம்மை நம்பிக் கையில் கொடுக்கிறார் என்பதே எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். என் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு அண்ணாகிராமம் பக்கம் ஊர். அவன் ஊருக்கு அடுத்த ஊரில் ஒரு தெரு முழுக்க வீட்டிலேயே முந்திரிக் கொட்டை உடைக்கிறார்கள், பிள்ளைகளும் உட்கார்ந்து உடைக்கிறார்கள் என்றான். அங்கே மாலை வகுப்பு நடத்துவதாக எழுதிப் போட்டோம். கிடைத்தது.

அந்தத் தெருவுக்குக் காலையில் குட்டியானை வண்டி வரும். முந்திரி கம்பெனி ஏஜெண்ட் அதில் வந்து வீட்டுக்கு வீடு கொட்டை மூட்டையை இறக்கிவிட்டு, முந்தின நாள் உடைத்த பருப்பை வாங்கிக்கொண்டு போவார். கொட்டையின் ஓட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறது. பட்டால் பொத்துப்போகும், தோல் உரியும், பிறகு கருத்துவிடும். அதற்காகக் கையைச் சாம்பலில் புரட்டிக்கொண்டு உடைப்பார்கள். சாம்பல் கொஞ்சம்தான் காப்பாற்றும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பையை வைத்துவிட்டு அப்படியே சாம்பலில் கை வைப்பதை நான் முதல் நாள் பார்த்தேன். யார் மேல் என்று தெரியாமல் எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை நல்ல குணம் என்று வேறு அந்த நாட்களில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வகுப்புக்கு வந்தவர்களில் எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். அப்பா இல்லை. அம்மாவும் அவளும் மட்டும். நான் கணக்குப் போட்டுக் கேள்வி கேட்டால் விடை அவளுக்குத் தெரிந்திருக்கும், முகத்தைப் பார்த்தாலே தெரியும், ஆனால் கையைத் தூக்க மாட்டாள். இரண்டு கையும் பாவாடைக்கு அடியில் இருக்கும். ஒரு நாள் தனியாகக் கேட்டேன்.

"ஸ்கூல்ல கைய தூக்கனா சிரிக்கறாங்க மிஸ். கரிச்சட்டின்னு கூப்புடறாங்க."

"இங்க யாரும் சிரிக்க மாட்டாங்க. சிரிச்சா நான் பாத்துக்கறேன்."

இரண்டு வாரம் கழித்து அவள் கையைத் தூக்கினாள். காதுக்குப் பக்கத்தில், பாதி உயரம்தான். எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை. பிறகு எந்தக் கேள்விக்கும் அவள்தான் முதல். மற்றப் பிள்ளைகளுக்கு வாய்ப்பே தராமல் படுத்தி எடுத்தாள். ஒன்பதாவதற்குப் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். அம்மாவிடம் பேசிச் சம்மதிக்க வைத்தேன். கொட்டையை ஞாயிற்றுக்கிழமை மட்டும் தொட்டால் போதும் என்றும் பேசி வைத்தேன். முழு வெற்றி இல்லைதான். ஆனாலும் எனக்கு அது பெரிதாக இருந்தது.

பணம் கொடுத்தவர்கள் இடையில் படங்கள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை அவளை வெளிச்சத்தில் நிறுத்தி, "கைய நீட்டு, நல்லா விரிச்சி" என்றேன். அவள் உடனே நீட்டினாள். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கம் கொப்புளம் ஒன்று ஆறிக்கொண்டிருந்தது. முகமும் கையும் சேர்ந்து விழுந்த படம். கொஞ்சம் சிரித்திருந்தாள். நல்ல படம்.

அந்தப் படம்தான் பேனருக்குப் போனது. தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அதிகாரி வகுப்பைப் பார்க்க வருகிறார் என்றதும் எங்கள் குழுவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஊர் பஸ் ஸ்டாப்பில், ரோட்டைப் பார்த்தாற்போல் கட்டினோம். கீழே நாங்கள் ஐந்து பேரும் வட்டத்துக்குள். நடுவில் அவள், ஆள் உயரத்துக்கு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. மேலே 'மீட்கப்பட்ட மலர்' என்று சிவப்பில். முகத்தை மறைக்கலாமா என்று ஒரு தோழி கேட்டாள். மறைத்தால் பேனர் எடுபடாது என்று சொன்னது நான். அந்தப் பிள்ளையின் அம்மாவைக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் பேனரில் படம் வருவது பெருமை. அதைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்று ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதிகாரி வந்தார், டீ குடித்தார், பாராட்டினார், போனார். மறுநாள் காலை குட்டியானை வரவில்லை. அதற்கடுத்த நாள் ஏஜெண்ட் மட்டும் பைக்கில் வந்தார். கெட்டவர் மாதிரி இல்லை. தலையைச் சொறிந்துகொண்டே பேசினார்.

"கேஸு கீஸுன்னா என்னால தாங்க முடியாதும்மா. படம் போட்டு ரோட்ல மாட்டிட்டீங்க. முதலாளி இந்தத் தெருவுக்கே கொட்டை போடாதன்னுட்டாரு."

பேனரை அன்றே அவிழ்த்துச் சுருட்டினோம். அதனால் ஒன்றும் ஆகவில்லை. தெருப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "புள்ளைங்க உடைக்க வேணாம்னா எங்கள கூப்ட்டு சொல்லியிருக்கலாமில்ல? நாங்களும் வேணாமா?" என்றார் ஒரு பெண். என்னைத் திட்டியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கையை நீட்டிப் போஸ் கொடுத்தவள் என்று அந்தப் பிள்ளையைப் பேசினார்கள். அவள் அம்மா குழாயடிக்குப் போனால் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். வகுப்பில் கூட்டம் கரைந்தது. அவள் மட்டும் கடைசி வரை வந்தாள். கேள்வி கேட்டால் குனிந்துகொண்டாள். கை திரும்பவும் பாவாடைக்கு அடியில் போய்விட்டது.

மே மாதம் சிதம்பரத்தில் நிறைவு விழா வைத்தார்கள். பயனடைந்தவர்களைக் கூட்டி வரச் சொன்னார்கள். எந்த முகத்தோடு போய் அழைப்பது என்று இருந்தது. ஆனால் கூப்பிட்டதும் அந்த அம்மா வருகிறேன் என்றார். மன்னித்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். மேடையில் எங்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். அந்தத் தெருவில் இன்று ஒரு குழந்தைகூட முந்திரி உடைப்பதில்லை என்று ஒருவர் மைக்கில் சொன்னார். அது உண்மைதான். கைதட்டலின் நடுவே எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது.

அம்மாவோடும் மகளோடும் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். பண்ருட்டி பஸ்ஸுக்காக நின்றோம். அந்த அம்மா எதையோ சொல்ல ஆரம்பித்து ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு என் முழங்கையைத் தொட்டார்.

"பாப்பா, தப்பா நெனச்சிக்காத. ஒங்க வீடு கடலூருதான? ஒங்க அம்மா வேலைக்குப் போறாங்கன்னு சொன்னியே. இவள ஒங்க வீட்டுலயே வச்சிக்கோயேன். பாத்திரம் தேய்ப்பா, வீடு கூட்டுவா. எங்க அண்ணன் நூல் மில்லு வேலைக்கு அனுப்புன்னு நிக்கறாரு. ஆஸ்டல்ல தங்கணுமாம், வெளிய வுடமாட்டாங்களாம். எனக்கு பயமா இருக்குது. ஒங்க வீடுன்னா எனக்குத் தூக்கம் வரும்."

இதற்காகத்தான் வந்திருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் என்ன சொல்கிறேன் என்று என் வாயையே பார்த்தாள்.

"அதெல்லாம் முடியாதுக்கா. சின்னப் பொண்ண வீட்டு வேலைக்கு வைக்கறதா? நாங்க எதுக்கு இத்தன நாளா பாடுபட்டோம்?" என்றேன். சத்தமாகவே சொன்னேன். என் கோபம்தான் உங்களுக்குத் தெரியுமே.

"வாம்மா, பஸ்ஸு வந்துடுச்சி" என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள் அவள். பஸ் திரும்பிய பிறகுதான் எனக்கு இன்னொன்று தோன்றியது. வேலைக்கு வேண்டாம், படிக்க வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் பெண்கள் பள்ளி இருக்கிறது. இவ்வளவுதான் விஷயம். என்னிடம் கோபம் இருந்தது, அதைச் சொல்லும் புத்தி இல்லை.

வீட்டில் எப்படிக் கேட்பது என்று மூன்று நாள் கூச்சத்தில் போனது. நான்காம் நாள் அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கூட்டினு வா. நாம சாப்புடறத சாப்புடட்டும். ஸ்கூல் தொறக்க இன்னும் நாள் இருக்குது" என்றாள். இவ்வளவு சுலபமா என்று எனக்கு அழுகையே வந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். வாசலில் அந்த அம்மா தனியாக உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கட்டும், அம்மா சரி என்று சொல்லிவிட்டார், இன்றைக்கே அழைத்துப் போகிறேன் என்றேன். அவர் முழுதும் கேட்டார்.

"நேத்து காலைல எங்க அண்ணன் வந்து கூட்டினு போயிட்டாரு பாப்பா. மூணு வருசத்துக்கு எழுதிக் குடுத்தாச்சி."

"இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்கலாமேக்கா."

அவர் முறத்தைக் கீழே வைத்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. இதுகூட எனக்குப் புரியவில்லையா என்பதுபோல் பார்த்தார்.

"நீதான பாப்பா முடியாதுன்ன. அவ நீ சொன்னா சரியா இருக்கும்னு கெளம்பிட்டா."