தோல்மேல் போட்ட கோடு

நான் புற்றுநோய்ப் பிரிவில் கதிர்வீச்சுக் கருவியைப் பார்த்துக்கொள்ளும் இயற்பியல்காரன். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவில் என்னைக் 'கரண்டு வெக்கிற சார்' என்பார்கள். அது கரண்டு இல்லை, கதிர் என்று கொஞ்ச காலம் திருத்திப் பார்த்தேன். பிறகு எனக்கே அலுத்துவிட்டது.

அந்தக் கருவியும் ஒரு துகள் முடுக்கிதான். படிக்கிற காலத்தில் பிரான்சுக்குப் போய், மண்ணுக்கடியில் கிலோமீட்டர் கணக்கில் ஓடும் பெரிய வளையத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று ஆசை. அங்கே கதிர் எந்த இடத்தில் போகிறது என்று அடிக்கு அடி உளவு சொல்ல உணரிகள் இருக்கும். அந்த உணரிகள் சொல்வது நிஜம்தானா என்று சோதிக்கத் தனியாக ஆட்கள் இருப்பார்கள். எனக்கு வாய்த்தது ஓர் அறைக்குள் அடங்கும் முடுக்கி. இங்கே கதிருக்கு இடம் சொல்வது நோயாளியின் தோல்மேல் மார்க்கர் பேனாவால் போட்ட கோடு, அவ்வளவுதான்.

காலை ஏழு மணிக்கெல்லாம் போய்விடுவேன். இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் வரும் லேசர் கோடுகள் ஒரே புள்ளியில் கூடுகின்றனவா, கருவியை எந்தப் பக்கம் சுழற்றினாலும் கதிர் அதே புள்ளி வழியாகப் போகிறதா என்று பார்ப்பேன். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் விடமாட்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வேலை செய்கிறவன் என்று எனக்குப் பேர். அதே வாயால் சிடுமூஞ்சி என்றும் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான்.

பாகூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். கர்ப்பப்பை வாயில் நோய். துணைக்கு வந்தவள் கல்லூரியில் படிக்கும் மகள். ஸ்கேன் எடுத்து, வயிற்றில் ஒரு கோடும் இரண்டு இடுப்பிலும் ஒவ்வொரு கோடும் போட்டு, அங்கே தண்ணீர் படக் கூடாது என்று சொல்லி அனுப்பினோம். தினமும் லேசர் அந்தக் கோடுகள்மேல் விழும்படி படுக்க வைத்துத்தான் கதிர் கொடுக்க வேண்டும். முதல் வாரத்திலேயே வியர்வையில் கோடு பாதி கரைந்த நிலையில் வந்து நின்றார். அன்றைக்கு எனக்கு வேறு எதிலோ கோபம். வெளியே உட்கார்ந்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி கத்தினேன்.

"கோடு அழிஞ்சிதுன்னா மொதல்லேர்ந்து ஸ்கேன் எடுக்கணும். ஒரு வாரம் போயிடும். சொன்னா புரியாதாம்மா உங்களுக்கு? குளிக்காம இருந்தா செத்தா போயிடுவீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் மார்க்கரை எடுத்து அழிந்த இடத்தில் கோட்டை அழுத்திப் போட்டேன்.

இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் கருவியிலேயே ஒரு படம் எடுத்து, எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று ஒப்பிடுவோம். மூன்றாவது வெள்ளிக்கிழமைப் படத்தில் எலும்பெல்லாம் இரண்டு சென்டிமீட்டர் கீழே இருந்தது. லேசர் நகர்ந்துவிட்டது என்று நினைத்து மற்றவர்களைக் காக்க வைத்துவிட்டு எல்லாவற்றையும் அளந்தேன். மயிரிழை கூடப் பிசகவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் கோட்டைப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் போடுவதைவிட நேராக இருந்தது. வாரம் ஒரு தடவை கோட்டின்மேல் மறுபடி மை போடுவது வழக்கம் என்பதால், புது மையைப் பார்த்த ஒவ்வொருவரும் இன்னொருவர் போட்டிருப்பார் என்று விட்டுவிட்டார்கள். அந்த அம்மாவைக் கேட்டேன். மகள்தான் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம சித்தப்பா செத்துட்டாரு சார். சாவு ஊட்டுக்குப் போய்ட்டு தல முழுவாம எப்டி உள்ள வர்றது? கோடு சுத்தமா பூட்சி. நீங்க திட்டுவீங்கன்னு அம்மா அழுதுச்சி. நாந்தான் ஞாபகம் வெச்சி, ஸ்கேல் வெச்சி போட்டுட்டேன்."

அம்மாவை நிற்க வைத்துப் போட்டிருக்கிறாள். நிற்கும்போது வயிறு தொங்கும். படுத்தால் தோல் மேலே ஏறிவிடும், கோடும் கூடவே ஏறும், கோட்டைப் பார்த்துக் கொடுக்கும் கதிரும் மேலே போய்விடும். இது அவளுக்கு எப்படித் தெரியும்? திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாள், என் கதிர் துல்லியமாகத் தவறான இடத்துக்குப் போயிருக்கிறது. நோயின் கீழ் ஓரம் அந்த நான்கு நாளும் கதிருக்கு வெளியே இருந்திருக்கிறது.

புதிதாக ஸ்கேன் எடுத்தோம். விட்டுப்போனதைச் சரிக்கட்ட டாக்டர் நாட்களைக் கூட்டினார். அறிக்கை நான் எழுதினேன். 'நோயாளி தரப்பில் தாங்களாகவே கோடு போட்டுக்கொண்டனர்.' அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. ஏன் எங்களிடம் சொல்லாமல் போட்டுக்கொண்டார்கள் என்று நான் எழுதவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

எட்டு மாதம் கழித்து நோய் திரும்ப வந்தது, கீழ்ப் பக்கத்தில். டாக்டரின் அறைக்குப் போய், அந்த நான்கு நாளால்தானா என்று கேட்டேன். "அதனாலதான்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது" என்றார் அவர். அரை மில்லிமீட்டரை அளக்கத் தெரிந்தவன் நான். இதை அளக்க ஒரு வழியும் இல்லை. இந்த ஜன்மத்தில் எனக்கு இதற்குப் பதில் கிடைக்கப்போவதில்லை.

டாக்டரைக் கேட்டுவிட்டு வந்த அன்றைக்கே அந்த அம்மா என் அறை வாசலில் வந்து நின்றார். பாதியாக இளைத்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீங்க அன்னிக்கே படிச்சிப் படிச்சி சொன்னீங்க சார். நாந்தான் கேக்கல. எம் பொண்ணு வேற, நான் போட்ட கோட்டாலதான் அம்மாவுக்கு இப்டின்னு சொல்லிச் சொல்லி அழுவுது. இந்தவாட்டி தண்ணியே தொட மாட்டேன். இன்னொருக்கா கரண்டு வெச்சிடுங்க சார்."

அந்த இடத்துக்கு மறுபடி அவ்வளவு கதிர் கொடுக்க முடியாது. குடல் தாங்காது. அதைச் சொல்லியிருக்கலாம். தப்பு உங்கள் பெண்மேல் இல்லை, என் வாய்மேல் என்றாவது சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் வாழ்நாள் முழுக்கச் சுமக்கப்போவதை ஒரு வாக்கியத்தில் இறக்கி வைத்திருக்கலாம்.

"டாக்டரைக் கேளுங்கம்மா" என்றேன்.

"சரிங்க சார்" என்றார். இரண்டடி போய்விட்டுத் திரும்பி, "கோச்சிக்காதீங்க" என்றார்.